ஊசி போட்ட கை

புதுச்சேரி உப்பளத்தில் விளையாட்டு மைதானத்தைத் தாண்டி, பழைய துறைமுகத்தின் பக்கம் திரும்பும் சாலையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. தொண்ணூறு படுக்கை. பெயரைச் சொல்லப் போவதில்லை. பதினாறு வருடமாக அதன் மருந்தகத்தில்தான் எனக்குச் சோறு. அங்கே என்னோடு வேலை பார்க்கும் செல்வாம்பாள் சிஸ்டரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அவரிடமே கேட்டேன்.

"என்னப் பத்தியா? எழுதுங்க. ஆனா அந்த நவம்பர் மாசத்த வுட்டுட்டு எழுதாதீங்க" என்றார்.

பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம் அவருடையது. அப்பாவுக்கு இரண்டு காணி நெல் நிலம், மூன்று பெண்கள். நடுப்பெண் இவர். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்ஸிங் சேரப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள், கண்டவர்களின் பீ மூத்திரம் அள்ளும் வேலை என்று. அப்பா மட்டும், "மாட்டுக்கு அள்றோம், மனுசனுக்கு அள்ளுனா என்னா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மகளை விண்ணப்பம் வாங்கக் கூட்டிப் போனாராம். இருபத்திரண்டாவது வயதில் எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தவர், வேறு எங்கும் போகவில்லை. கணவர் ஹரிகிருஷ்ணன் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். முதலியார்பேட்டையில் வீடு. கல்லூரியில் படிக்கும் ஒரு மகள்.

நான் வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் அவர் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் இன்சார்ஜ் ஆகிவிட்டார். அந்த வார்டுக்குள் நுழையும்போதே தெரியும். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. மருந்து டிராலியின் சக்கரம்கூடக் கிறீச்சிடாது. செல்வாம்பாளின் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை; உயர்த்தாமலே அழ வைப்பார். தப்பு செய்த நர்ஸை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "படிச்சிட்டுத்தான வந்த?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே வார்டு ஒழுங்காக நடந்தது. அவர் வார்டில் தப்பே நடக்காது என்று பெயர். நானும் அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

2021 நவம்பரில் புதுச்சேரியில் பெய்த மழை பலருக்கு நினைவிருக்கும். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அக்கா மகள் கல்யாணத்துக்காக மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்த செல்வாம்பாள், நான்காம் நாள் காலை புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்தே டூட்டிக்கு வந்தார். வர வேண்டிய இரண்டு நர்ஸ்களால் வர முடியவில்லை. வார்டில் மிஞ்சியது இவரும், சேர்ந்து எட்டு மாதமே ஆன பூர்ணிமாவும்தான்.

அவர் விடுப்பில் இருந்தபோது ஜானகிராமன் என்ற பெயரில் இரண்டு பேர் அந்த வார்டில் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார். சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். இன்னொருவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், நாற்பத்தாறு வயது. வண்டி வழுக்கிக் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்து, பிளேட் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவருக்குச் சர்க்கரை கிடையாது.

விடியற்காலையில் நான்காம் எண் படுக்கைக்கு மேலே கூரை ஒழுகத் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்த வாத்தியாரைக் கட்டிலோடு தள்ளி ஏழாம் எண்ணுக்குக் கொண்டுபோய்விட்டு, ஏழில் இருந்த லேத்காரரைக் கதவோரம் நிறுத்தினார்கள். மழை விட்டபோது, கதவோரம் இடைஞ்சலாக இருந்த கட்டிலை யாரோ காலியாக இருந்த நான்காம் எண்ணுக்குத் தள்ளிவிட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த மருந்துச் சீட்டுகள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன.

காலை ஏழரை மணிக்கு, மருத்துவர் எழுதியபடி பூர்ணிமா சரியாக ஏற்றி வைத்திருந்த இன்சுலின் ஊசியை எடுத்துக்கொண்டு செல்வாம்பாள் நான்காம் எண்ணுக்குப் போனார். சீட்டைப் பார்த்தார். படுத்திருந்தவரிடம், "ஜானகிராமன்தான?" என்று கேட்டார்.

"ஆமாங்க சிஸ்டர்."

இரண்டு நாளாக வலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மனிதர், இதுவும் அதுதான் என்று கையை நீட்டினார். இருபது யூனிட் உள்ளே போனது.

ஒன்பதே முக்கால் வாக்கில் லேத் ஜானகிராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறி, பிறகு கண் மேலே சொருகிவிட்டது. டாக்டர் எழிலரசன் ஓடி வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முப்பத்திரண்டு. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் ஆள் கண் திறந்து, "என்னா ஆச்சு?" என்றார்.

"நேத்துலேருந்து சரியா சாப்பிடல போலிருக்கு. ஜூஸ் குடுங்க, டிபன் குடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் தியேட்டருக்குப் போனார். அடுத்த ஆபரேஷனுக்கு நோயாளி மேஜையில் காத்திருந்தார்.

செல்வாம்பாளுக்கு அது ஒப்பவில்லை. எலும்பு முறிந்த, மற்றபடி திடமான ஆளுக்குச் சாப்பாடு குறைந்தால் இவ்வளவு இறங்காது. யோசித்தபடியே வார்டின் கோடிக்கு நடந்தார். ஏழாம் எண்ணிலிருந்து ஒரு பெரியவர் மெதுவாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், தொந்தரவுக்கு மன்னிச்சிக்கணும். இன்னிக்கு எனக்குச் சுகர் ஊசி போடவே இல்லையே. டிபன் சாப்பிடலாமா?"

"உங்க பேரு?"

"ஜானகிராமன்."

அந்த நேரத்தில் பூர்ணிமா வார்டின் மறுகோடியில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். வேறு யாருக்கும் காதில் விழவில்லை. பெரியவருக்குத் தன் கேள்வியின் அர்த்தமே தெரியாது. இன்னொரு ஊசியை ஏற்றி அவருக்குப் போட்டுவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். "ஒரு நிமிசம் நின்னேன் சார். பொய் சொல்லக் கூடாது. முழுசா ஒரு நிமிசம் நின்னேன். என் வேலை போவும், பேரு போவும், எல்லாம் மனசுல ஓடிச்சி. அப்பறம் அது என்னா இன்சுலின்னு ஞாபகம் வந்துது."

அது காலையில் போட்டால் மாலையைத் தாண்டியும் வேலை செய்யும் கலப்பு வகை. ஒரு தடவை குளுக்கோஸ் ஏற்றினால் போதாது. சர்க்கரை மறுபடி இறங்கும். மத்தியானத் தூக்கத்தில் இறங்கினால் தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

செல்வாம்பாள் ஓடினார். தியேட்டர் வாசலில் எழிலரசன் கை கழுவிக்கொண்டிருந்தார். மயக்க மருந்து டாக்டர், இரண்டு நர்ஸ்கள், வார்டு பாய் எல்லோரும் இருந்தார்கள். நான் ஆபரேஷனுக்கான மருந்துகளைக் கொடுக்கப் போயிருந்தேன், அதனால் இதைக் கண்ணால் பார்த்தேன்.

"சார், நாலாம் நம்பருக்கு இன்சுலின் போட்டுட்டாங்க."

"யாரு போட்டது?"

"நான் போட்டேன் சார். இருபது யூனிட்டு. ஏழரைக்கு. ஆள் மாறிப் போச்சி."

எழிலரசன் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு திட்டாமல், குரலை உயர்த்தாமல், என்ன டிரிப் போட வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்க வேண்டும் என்று மளமளவென்று சொன்னார். செல்வாம்பாள் திரும்பி ஓடினார்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை மறுபடி நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. தயாராக இருந்ததால் உடனே ஏற்றிச் சரி செய்தார்கள். மறுநாள் காலைக்குள் ஜானகிராமன் முழுக்கத் தேறிவிட்டார். "அந்தம்மா வந்து சொல்லலன்னா ஆளு மிஞ்சியிருக்க மாட்டாரு" என்று எழிலரசன் பிறகு என்னிடம் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு யாரும் அப்படிப் பேசவில்லை. ஜானகிராமனின் மனைவி லட்சுமி பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். கணவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருப்பதைப் பார்த்துப் பதறினார். அறக்கட்டளைச் செயலாளர் இராமதாஸ், குடும்பத்தாரிடம் யாரும் எதுவும் பேச வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தார். செல்வாம்பாள் காத்திருக்கவில்லை. லட்சுமியைத் தனியே உட்கார வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

லட்சுமி கூடையைக் கீழே வைத்தார். பிறகு, "எங்கூட்டு ஆளுக்கு எதாவது ஆயிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" என்றார்.

லட்சுமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இனிமே அவரு பக்கத்துல நீங்க வரக் கூடாது. கையக் கூட வக்கக் கூடாது."

"வர மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுச் செல்வாம்பாளும் எழுந்தார்.

அன்று செய்ய வேண்டிய இன்னொன்றும் இருந்தது. வாத்தியாருக்கு ஊசி தாமதமாகிவிட்டது. அவரிடமும் போய்க் காரணத்தைச் சொன்னார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். ஊசி போட்டதும் பிரெஞ்சில் நன்றியாக "மெர்சி" என்றார். அதுவரை கலங்காமல் இருந்த செல்வாம்பாள் மருந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மூன்றாம் நாள் விசாரணை. தொழிற்பேட்டையிலிருந்து ஜானகிராமனின் கூட்டாளிகள் பத்துப் பேர் வாசலில் நின்றிருந்தார்கள். இராமதாஸ் கெட்ட மனிதர் இல்லை. மருத்துவமனையின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் இருந்தவர். அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"ஊசிய ரெடி பண்ணது அந்தப் பொண்ணு பூர்ணிமாதான? இன்னும் பர்மனென்ட் ஆகல. அவள நிறுத்திட்டா வெளியில இருக்கறவங்களும் கலைஞ்சிடுவாங்க. நீங்க முப்பது வருசமா இருக்கீங்க. கொரோனாவுல உசுரக் குடுத்து வேல செஞ்சீங்க. நாங்க அத மறக்கல."

"அந்தப் பொண்ணு மருந்தையும் அளவையும் சரியா ஏத்தினா சார். ஊசி போட்ட கை என்து."

"பேரு கேட்டுத்தான போட்டீங்க? அவரும் ஆமான்னுதான சொன்னாரு?"

"பேரத்தான் கேட்டேன். ஆளப் பாக்கல."

இரண்டு வார சஸ்பென்ஷன். இன்சார்ஜ் பதவி பறிபோனது. பூர்ணிமாவின் வேலை தப்பியது. பதினைந்து நாள் கழித்துச் சாதாரண ஸ்டாஃப் நர்ஸாக அதே வார்டுக்குத் திரும்பி வரலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். அவர் வர மாட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். ஏனென்றால் புதிய இன்சார்ஜ் நிர்மலா. பதினோரு வயது சின்னவர், செல்வாம்பாளுக்குக் கீழே ஏழு வருடம் வேலை பார்த்தவர், அந்த "படிச்சிட்டுத்தான வந்த?" கேள்வியைப் பல முறை வாங்கியவர்.

வீட்டில் ஹரிகிருஷ்ணனுக்கும் அதே எண்ணம். "வேற எடமா இல்ல? எதுக்கு அங்கியே போயி தலகுனிஞ்சி நிக்கணும்?"

"தல குனியறதுக்கு என்னா இருக்கு? வேல தெரியும். செய்யப் போறேன்."

வாய் அப்படிச் சொன்னாலும் அந்தப் பதினைந்து நாளும் அவர் சாப்பிட்டது குறைவு என்று ஹரிகிருஷ்ணன் என்னிடம் சொல்லியிருக்கிறார். சாயங்காலமானால் தெருக்கோடி கங்கையம்மன் கோயிலில் போய் உட்கார்ந்திருப்பாராம். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். "அவரு நடந்து வூட்டுக்குப் போவணும்னு கேட்டேன். ஒம்போதாம் நாளே வாக்கர் புடிச்சி நடந்து போயிட்டாரு. அப்பறம் அவகிட்ட கேக்க என்னா இருக்கு? சும்மாதான் போயி ஒக்காந்திருந்தேன்."

வேலைக்குத் திரும்பிய அன்று நிர்மலாதான் அழுதார். "சிஸ்டர், நான் எப்பிடி உங்களுக்கு டூட்டி போடுவேன்?"

"பேர எழுதி எதுத்தாப்புல நேரத்த எழுது. எல்லாருக்கும் எழுதுற மாரி."

இன்சார்ஜின் மேஜை வார்டு வாசலில் இருக்கும். அந்த நாற்காலியில் அதற்குப் பிறகு செல்வாம்பாள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. விடுப்பு வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல நின்று கேட்டார். நிர்மலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி "சிஸ்டர்" என்றார். நிர்மலா தவறான ஒரு முடிவு எடுத்தபோது கூட்டத்தில் ஒன்றும் சொல்லாமல், பிறகு தனியே போய், "இத இப்பிடிப் பாத்தா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். எளிதாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் மாதம் இன்சுலின் ஊசியைத் தனியாகப் போட அவருக்குத் துணிவு வரவில்லை. அதை மறைக்கவில்லை. "சிஸ்டர், கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க" என்று நிர்மலாவைக் கூப்பிடுவார். நிர்மலா வந்து நிற்பார். நோயாளியின் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் கேட்டு, இருவரும் சீட்டைப் பார்த்த பிறகே ஊசி போடுவார்.

அவரை உண்மையில் உடைத்தது வேறு. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது பூர்ணிமா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் வேலையைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்ல வந்தவள், வேறொன்றைச் சொல்லிவிட்டாள்.

"நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன் சிஸ்டர்."

"ஏன்?"

"உங்களுக்குப் பயந்துதான். நீங்க எல்லார் முன்னாடியும் நிக்க வச்சிக் கேப்பீங்களே. நான் மட்டுமில்ல, யாரும் சொல்ல மாட்டாங்க. முன்னாடியும் சொன்னதில்ல."

செல்வாம்பாள் சோற்றை மூடி வைத்துவிட்டார். "பதவி போனப்பகூட அப்பிடி வலிக்கல சார். என் வார்டுல தப்பே நடக்காதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நடந்திருக்கு, என் காதுக்கு வரல. பயமுறுத்தி பயமுறுத்தி நானே என் காத அடச்சிக்கிட்டேன்" என்றார். அன்று சாயங்காலமே பூர்ணிமாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு ஷிஃப்ட் முடியும்போதும், போகிறவர்கள் வருகிறவர்களிடம் வார்டை ஒப்படைப்பார்கள். மறுநாள் அந்த நேரத்தில் செல்வாம்பாள் நிர்மலாவிடம் அனுமதி கேட்டு ஒரு வார்த்தை பேசினார். "இன்னிக்கு ஒம்போதாம் நம்பருக்குக் காய்ச்சல் பாக்க மறந்துட்டேன். பத்து மணிக்குப் பாக்க வேண்டியது, பன்னண்டுக்குத்தான் பாத்தேன்." அவ்வளவுதான்.  அடுத்த நாளும் தன்னுடைய ஏதோ ஒன்றைச் சொன்னார். அதற்கடுத்த நாளும். ஒன்றும் இல்லாத நாளில் ஒன்றும் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அவர் மட்டும்தான் பேசினார். இளசுகள் சிலர் சிரித்தார்கள்கூட. பிறகு ஒரு நாள் இன்சார்ஜ் நிர்மலாவே எல்லோர் முன்னாலும் தன் தப்பு ஒன்றைச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். யாரையும் யாரும் திட்டக் கூடாது, அடுத்த தடவை நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று மட்டும் பேச வேண்டும் என்று நிர்மலா விதி வைத்தார்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றும் வருகிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒப்படைப்பு நேரத்தில் இரண்டு நர்ஸ்கள் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: வாந்திக்குப் போடும் ஊசி மருந்துக் குப்பியும் ரத்த அழுத்தத்தை ஏற்றும் குப்பியும் ஒரே அளவு, ஒரே நிறம், பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, கை தவறி எடுத்துவிட்டுக் கடைசி நொடியில் பார்த்தோம் என்று. அப்படி அடுக்கி அனுப்பியது நான். அது ஆபத்து என்று எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். மாற்றினால் மொத்த அலமாரியையும் மாற்ற வேண்டுமே என்று விட்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் நானே வார்டுக்குப் போய், நின்று, அதைச் சொன்னேன்.  செல்வாம்பாள், "சார் எவ்ளோ நாள்ல மாத்துவீங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலைக்குள் மாற்றினேன்.

ஆறு மாதத்தில் நோயாளிகளின் மணிக்கட்டில் பெயர்ப்பட்டை வந்தது. கட்டில் நகர்ந்தால் சீட்டும் கூடவே நகர வேண்டும் என்று விதி வந்தது. மற்ற வார்டுகளும் இந்தப் பழக்கத்தைக் கேட்டு எடுத்துக்கொண்டன. இதையெல்லாம் நிர்மலாவின் பெயரில்தான் நிர்வாகம் பாராட்டியது. பாராட்டுக் கூட்டத்தில் நிர்மலா மேடையில் செல்வாம்பாளின் பெயரைச் சொன்னபோது, ஆள் அங்கே இல்லை. வார்டில் யாராவது இருக்க வேண்டுமே என்று இருந்துவிட்டார்.

2023 மே மாதம். ஒரு காலை வரவேற்பில் லட்சுமியைப் பார்த்தேன். கூடவே ஜானகிராமன், ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வந்தார். காலில் வைத்த பிளேட்டை எடுக்க வேண்டும். எடுக்க ஊரில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்கிறது. லட்சுமி வரவேற்பில், "அந்தச் செல்வாம்பாள் சிஸ்டரு இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டார். 

"இருக்காங்க" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"அவங்க இருக்குற வார்டுலயே பெட்டு குடுங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் போய், "அன்னிக்கு அவங்க கிட்டயே வரக் கூடாதுன்னீங்களேம்மா" என்றேன்.

"ஆமா, சொன்னேன். கோவம் இருந்துது. இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றார் லட்சுமி. "ஆனா அந்தம்மா வாயத் தொறக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. வேற எடத்துக்குப் போனா எவங்க என்னா செஞ்சாங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

அன்று செல்வாம்பாள் ஜானகிராமனின் கட்டிலுக்கு வந்து, மணிக்கட்டுப் பட்டையைத் தொடாமல் தள்ளியே நின்று, லட்சுமியின் முகத்தைப் பார்த்தார். லட்சுமி தலையசைத்த பிறகுதான் ஜானகிராமனின் கையைத் தொட்டார். பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், ஊர் கேட்டார். "இன்னும் தாத்தா பேரு வேணுமா சிஸ்டர்?" என்று ஜானகிராமன் சிரித்தார்.

அந்த வருடக் கடைசியில் நர்ஸிங் சூப்பரிண்டெண்ட் ஓய்வு பெற்றார். வெளியிலிருந்து ஆள் எடுப்பதாகத்தான் பேச்சு. நிர்மலா நேராக இராமதாஸ் அறைக்குப் போனார். அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் இராமதாஸ் தானே படியேறி வார்டுக்கு வந்தார். செல்வாம்பாள் ஒரு நோயாளிக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். செயலாளர் ஓரமாக நின்று காத்திருந்தார்.

"அன்னிக்குப் பூர்ணிமாவ நிறுத்தலாம்னு நான் சொன்னது தப்பு" என்று தொடங்கினார். "நீங்க இந்த சூப்பரிண்டெண்ட் பொறுப்ப எடுத்துக்கணும்."

"நான் யோசிக்கணும் சார். பழைய மாரி ஆயிடுவனோன்னு பயமா இருக்கு."

ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். ஹரிகிருஷ்ணனிடம் பேசினார், நிர்மலாவிடமும் பேசினார். பிறகு ஒப்புக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு. வாரத்தில் புதன்கிழமை காலை அவர் சூப்பரிண்டெண்ட் இல்லை. ஆண்கள் வார்டில் நிர்மலாவுக்குக் கீழே ஸ்டாஃப் நர்ஸ். நிர்மலா எந்த வேலை கொடுத்தாலும் செய்வார். இன்றைக்கும் புதன்கிழமைகளில் அவரைத் தேடி அலுவலகத்துக்கு வருகிறவர்கள், எங்கே என்று கேட்டால், நாங்கள் வார்டைக் காட்டுவோம். அங்கே அவர் படுக்கை விரித்துக்கொண்டோ, யாருக்காவது கஞ்சி ஊட்டிக்கொண்டோ இருப்பார்.

அவர் மாறவே இல்லை என்று சொல்ல முடியாது, முழுக்க மாறிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. விரிப்பில் சுருக்கம் இருந்தால் இப்போதும் அவர் முகம் மாறும். ஆனால் யாரையும் நிற்க வைப்பதில்லை. தானே ஒரு முனையைப் பிடித்து இழுப்பார், மறுமுனையை யாராவது பிடிப்பார்கள். நம் கையில் என்ன இருக்கிறது என்று யாராவது சலித்துக்கொண்டால் அவருக்குப் பிடிக்காது. "நம்ம கையிலதான் இருக்கு, அதான் பயமே. ஆனா சொல்லிட்டா சரி பண்ணிக்கலாம். அத நான் நம்புறேன்" என்பார்.

போன வாரம் மருந்து இருப்புப் பட்டியலில் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போயிருந்தேன். அப்போது பெண்கள் வார்டிலிருந்து சுமலதா வந்தார். பதினெட்டு வருட அனுபவம். எதற்கும் வாதாடுகிறவர், எதையும் ஒப்புக்கொள்ளாதவர் என்று பெயர் வாங்கியவர். உட்காராமல் நின்றார்.

"சிஸ்டர், ஆறாம் நம்பர் அம்மாவுக்குக் காலையில ஆன்டிபயாட்டிக் போட மறந்துட்டேன். இப்பதான் பாத்தேன்."

"ஒக்காருங்க. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"போன் பண்ணிட்டேன். ஒடனே போடச் சொன்னாரு. போட்டுட்டேன்."

"அந்த அம்மாகிட்ட?"

சுமலதா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வாங்க, ரெண்டு பேருமா போயி சொல்லிட்டு வந்துடுவோம்" என்று செல்வாம்பாள் எழுந்தார்.

"நீங்களுமா சிஸ்டர்?"

"மொதத் தடவ தனியா சொல்றது கஷ்டம். எனக்குத் தெரியும்."

என் பக்கம் திரும்பி, "சார், கொஞ்சம் இருங்க" என்றார். இருவரும் தாழ்வாரத்தில் நடந்து போனார்கள். பட்டியலை மேஜையில் வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அந்த அம்மா, இருவரையும் உட்கார வைத்துத் தன் பேத்தியின் கல்யாண விஷயம் பேசிக்கொண்டிருந்தாராம்.